எறும்பு ஏறாத பொட்டலம்

சிரிக்காதே, பெண்ணே. நீ சிரித்தால் எனக்கு வேலை ஓடாது.

இந்திராணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நோயாளிக்குத் தொற்றக் கூடாதென்று முகத்தில் கட்டியிருந்த மறைப்புத் துணிக்குள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். இருபது வருடம் போலீஸில் இருந்தவள் அவள். அழுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அங்கே கற்றுக்கொண்டாள். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகும் அந்தப் படிப்பு கைகொடுத்தது. ஆனால் சிரிக்கிற நோயாளியின் முன் எப்படி உட்கார்ந்திருப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த மங்கையர்க்கரசிக்குப் பத்தொன்பது வயது. முடி கொட்டிப்போன தலை, அதன் கீழ் சீன முகம், நெற்றியில் மூன்று கோடு திருநீறு. மடியில் விரித்த தமிழ்ப் பேப்பரை அவள் வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க ஆன்டி. இன்னைக்கு எனக்குக் காசு போட்டவங்க. சுங்கை சிப்புட் தோட்டத்து இளைஞர் குழு. பத்துகாஜா மீன் கடை ஆ ஹெங். அப்புறம் 'பெயர் வேண்டாம்'. இந்தப் 'பெயர் வேண்டாம்' வாரா வாரம் போடறாரு. ரொம்ப நல்ல மனுஷன் லா."

"சத்தியமா அது நான் இல்ல" என்றான் அல்போன்ஸ். "நான் போட்டா என் பேர ரெண்டு தடவ அச்சடிக்கச் சொல்வேன். ஒரு தடவ போட்டோவோட."

அல்போன்ஸ் இந்திராணியின் உதவியாள். முன்பு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். ஈப்போவில் எந்தச் சந்தில் எந்தச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதை வைத்தே ஊரின் வரைபடத்தைத் தலைக்குள் வைத்திருப்பவன்.

அரசி மறுபடி சிரித்தாள். இந்திராணி ஜன்னலைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அரசிக்கு ரத்தப் புற்று. மருந்து நோயைப் பிடித்து வைத்திருக்கிறது, விரட்டவில்லை. கோலாலம்பூரில் எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம். அதற்கான செலவுக்குத்தான் ஊர் ஊராகக் காசு சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மஜ்ஜையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பொருந்துகிற ஒருவர் தர வேண்டும். வெளியாட்கள் பட்டியலில் பொருந்துகிறவர் கிடைக்கவில்லை, இனி வாய்ப்பு உள்ளவர் உடன்பிறந்தவர் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அரசியின் உடன்பிறந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. புலி வருடத்தில் பிறந்த பெண் குழந்தை குடும்பத்தைத் தின்றுவிடும் என்று எந்தச் சீன வீடோ பயந்து, அவளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டது. வாங்கி வளர்த்தவள் தெய்வானை. கொண்டுவந்து கொடுத்த மருத்துவச்சியும் செத்துப்போனாள், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று தெய்வானை முதல் நாளே சொல்லியிருந்தாள். இந்திராணியின் அலுவலகத்துக்குப் போன் செய்து, தேடித் தரச் சொல்லிக் கேட்டது அரசியேதான்.

"சரி, போன தடவ விட்ட எடத்துலேர்ந்து சொல்லு" என்றாள் இந்திராணி. "கேட்டுல தொங்கற பொட்டலம்."

"வருஷா வருஷம் வரும் ஆன்டி. விடிஞ்சு பாத்தா கேட்டுல தொங்கும். உள்ள ஹியோங் பியா பிஸ்கட். அப்பாவோட லாரி முதலாளி குடுத்தனுப்பறாருன்னு அம்மா சொல்வாங்க. அப்பா போனப்புறமும் வந்துச்சு. முதலாளி ரொம்ப விசுவாசம் போலிருக்குன்னு நெனச்சேன்."

"எப்ப வரும்?"

"என் பொறந்த நாள ஒட்டி. ஆனா சரியா வராது. ஒரு வருஷம் சில நாள் முன்னாடி வரும், ஒரு வருஷம் சில நாள் பின்னாடி வரும். ஒரு தடவ தீபாவளிக்கே வந்துச்சு."

இந்திராணி அல்போன்ஸைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீனக் காலண்டர் தாளை எடுத்து ஆட்டினான்.

"நம்ம காலண்டர்லதான் தேதி ஓடுது, அக்கா. அவங்க காலண்டர்ல ஓடவே இல்ல. ஒரே மாசம், ஒரே பிறை. பொட்டலம் தாமதமா வரல. நாமதான் தப்பான நாள்ல மெழுகுவத்தி ஊதிட்டிருந்தோம்."

அரசியின் சிரிப்பு கொஞ்சம் நின்றது. "அப்படின்னா..."

"பிறந்த நாளை அந்தக் கணக்குல ஞாபகம் வெச்சிருக்கற ஆள்தான் அனுப்பறாங்க" என்றாள் இந்திராணி. அதற்குமேல் சொல்லவில்லை. பெற்றவள் என்ற சொல்லை அந்த அறையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

அரசி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். "இது இந்த வருஷத்துது. நான் வெளிச் சாப்பாடு சாப்பிடக் கூடாதாம். எப்பவும் எறும்பு தின்னது போக மிச்சம்தான் எனக்கு. இந்தத் தடவ ஒரு எறும்பு இல்ல. எனக்கு ஒடம்பு முடியலன்னு எறும்புக்கும் தெரிஞ்சுபோச்சு."

இந்திராணி பொட்டலத்தைப் பிரித்தாள். கடையின் பெயர் இல்லை. முத்திரையும் இல்லை. அல்போன்ஸ் ஓர் உருண்டையை எடுத்து, வெளியே போய் நின்று, கடமை தவறாத முகத்தோடு மென்றுவிட்டுத் திரும்பினான்.

"கோப்பெங் பக்கத்துச் செய்கை. மண் ஜாடி அடுப்புல சுட்டது. ஆனா அக்கா, இதுல பன்னிக் கொழுப்பு இல்ல. எண்ணெய்ல பெசஞ்சிருக்காங்க. அது இல்லாம எந்தச் சீனன் ஹியோங் பியா சுடுவான்?"

"எங்க வீடு சைவம்" என்றாள் அரசி.

"அதான்" என்றான் அல்போன்ஸ். "உங்க வீடு சைவம்னு தெரிஞ்ச ஒருத்தர் தனியா பெசஞ்சிருக்காங்க."

அப்போது தெய்வானை கஞ்சிப் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்து காய்ந்த கைகள், வெளுத்த பாஜு உடை, காதில் சின்னத் தோடு. இவர்கள் கிளம்புவதைப் பார்த்ததும் நின்றாள்.

"எங்க இன்ஸ்பெக்டரம்மா?"

"கோப்பெங் வரைக்கும்."

"கோப்பெங்கா? அங்க யாரு இருக்கப் போறா? மருத்துவச்சி ஈப்போக்காரி. இங்கயே தேடுங்களேன்."

சொல்லிக்கொண்டே பிளாஸ்க் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே மூடியிருந்தது. இந்திராணி அதைப் பார்த்தாள். தாய்க்காரியின் பயம் என்று எடுத்துக்கொண்டாள். தன் மகளைப் பெற்றவள் ஒருத்தி உயிரோடு வந்து நின்றால் தான் யார் என்று எந்தத் தாய்க்கும் ஒரு நடுக்கம் இருக்காதா?

*

கோப்பெங் கடைத்தெருவில் அல்போன்ஸ் ஒவ்வொரு பிஸ்கட் கடையாக ஏறினான். ஒரே கேள்விதான் கேட்டான்.

"தவ்கே, பன்னிக் கொழுப்பு போடாத ஹியோங் பியா இருக்கா?"

முதல் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தவர், கொழுப்பு வேண்டாமென்றால் சுற்றித் தருகிற காகிதத்தைத் தின்னச் சொன்னார். அதற்கடுத்த கடையில் கிழவர் தன் மனைவியைக் கூப்பிட்டு, அவளும் சிரிக்கட்டும் என்று மறுபடி ஒரு தடவை கேட்கச் சொன்னார்.

"பொழப்பு இப்படி ஆயிடுச்சு" என்றான் அல்போன்ஸ். "துப்பறியப் போனா துப்பாக்கியில சுடுவாங்கன்னு எங்கம்மா பயந்தாங்க. சிரிச்சே கொல்லுவாங்கன்னு யாரும் சொல்லல."

தெருக்கோடியில் இருந்த கடையில் ஒரு பெண் பிஸ்கட்டுகளைக் காகிதத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. அவளுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணின் புகைப்படம், அதன் முன் புதிதாய் ஏற்றிய ஊதுவத்திகள், மூன்று ஆரஞ்சுகள். அல்போன்ஸ் கேள்வியைக் கேட்டான்.

அவள் சிரிக்கவில்லை. அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

 தெருவெல்லாம் 'எதுக்கு' என்று சிரித்தபோது, இவள் ஒருத்திதான் 'யாருக்கு' என்று கேட்கிறாள்.

"புலி வருஷத்துல பொறந்த ஒரு பொண்ணுக்கு" என்றாள் இந்திராணி. ஈப்போவில் வேலை பார்த்தவளுக்கு அவர்கள் மொழி வரும்.

அந்தப் பெண் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பெயர் லியூ சூய் லான். மறைக்கவில்லை. மறைத்து மறைத்துக் களைத்துப்போனவள்போலத்தான் பேசினாள். கோயிலில் அருள் வந்தவர் சொன்னார், இந்தக் குழந்தை இருந்தால் இந்த வீட்டில் யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்று. வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

"நான் நம்புனேனான்னு யாரும் கேக்கல" என்றாள். "குடுத்துட்டேன். லாரி ஓட்டற வீடு, சைவம் சாப்பிடறவங்கன்னு சொன்னாங்க. வீடு எதுன்னு மருத்துவச்சிகிட்ட கெஞ்சித் தெரிஞ்சுக்கிட்டேன்." பிறகு தயங்கினாள். "அவளுக்கு முடி?"

"கொட்டிடுச்சு."

"பொறந்தப்ப அவ்வளவு முடி. நெத்தி வரைக்கும்." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

பின்கட்டிலிருந்து ஓர் இளைஞன் மாவுக் கையோடு எட்டிப்பார்த்தான். "ஆ சாம், அடுப்பு காஞ்சிடுச்சு" என்றான். ஆ சாம் என்றால் சித்தி. அவள் தலையாட்ட, அவன் உள்ளே போனான்.

"உங்களுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் இந்திராணி. கேட்கும்போதே தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது.

சூய் லான் காகிதத்தின் ஓரத்தை மடித்தாள், நீவினாள், மறுபடி மடித்தாள்.

"என்னை அம்மான்னு கூப்பிட இந்த வீட்டுல யாரும் இல்ல" என்றாள்.

*

கார் ஈப்போவை நோக்கித் திரும்பியது. சுண்ணாம்புப் பாறை மலைகள் இரண்டு பக்கமும் வந்து போயின. இந்திராணி கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். வார்டுக்குப் போய் என்ன சொல்வது? உன் அம்மாவைக் கண்டுபிடித்தேன், அவளுக்கு உன் முடி ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் பிழைக்க முடியுமா?

"அந்தப் பையன் பாவம் அக்கா" என்றான் அல்போன்ஸ். "சித்தப்பா செத்ததுக்கே சட்டைக் கையில துணி குத்திக்கிட்டு மாவு பெசையறான். எங்க சித்தப்பா போனப்ப நான் பிரியாணி தின்னுட்டுப் பாட்டுக் கச்சேரிக்குப் போனேன்."

"என்ன துணி?"

"சின்னத் துண்டு. எடது கையில. மாவுல பாதி மறஞ்சிருந்துச்சு."

"என்ன நிறம் அல்போன்ஸ்?"

"கறுப்பு."

"வண்டிய நிறுத்து."

அவன் நிறுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டே விலகிப் போனான்.

"செத்தவரோட சொந்தப் பிள்ளைங்கதான் கறுப்பு குத்துவாங்க" என்றாள் இந்திராணி. "பேரப் பிள்ளைங்களுக்கு நீலம். அண்ணன் தம்பி மக்கள் கறுப்பு குத்தி நான் பாத்ததில்ல. எடது கைன்னா போனது அப்பா."

"ஆனா அவன் சித்தின்னுதானே கூப்பிட்டான்? என் காதால கேட்டேன்."

"நானும் கேட்டேன். கேட்டுட்டு முட்டாள் மாதிரி எழுந்து வந்தேன்." அவள் நெற்றியைத் தேய்த்தாள். "போலீஸ் குவாட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு பெத்த அப்பாவையே மாமான்னு கூப்பிடும். பிள்ளையோட ஜாதகம் பெத்தவங்களுக்கு ஆகலன்னா அம்மா அப்பான்னு கூப்பிட விட மாட்டாங்க. வேத்து ஆள் மாதிரி கூப்பிட வெச்சு விதிய ஏமாத்தறது. ஒரு பிள்ளையக் குடுத்துட்டுப் பயந்துபோன வீடு, அல்போன்ஸ். அடுத்ததப் பக்கத்துல வெச்சுக்கிட்டே தூர நிறுத்தியிருக்காங்க."

 அல்போன்ஸ் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அடித்தான்.

"வாய் சித்தின்னுது, துணி அம்மாங்குது! அக்கா, தம்பி இருக்கான்! சொந்தத் தம்பி! ஊரே காசு போட்டாச்சு, தம்பியும் ரெடி, இனிமே கோலாலம்பூருக்கு டிக்கெட்தான் பாக்கி!"

அவன் வண்டியைத் திருப்பிய வேகத்தில் இந்திராணியின் கைப்பை கவிழ்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குள் எதுவோ, வெகுகாலம் பூட்டிக்கிடந்த அறையின் ஜன்னல்போல, முரண்டு பிடித்துத் திறந்தது. அரசியிடம் சொல்லும்போது மறைப்புத் துணியைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்தப் பெண் தன் முகத்தைப் பார்க்கட்டும்.

அந்த நினைப்பின் ஓரத்தில்தான் முதல் எறும்பு ஊர்ந்தது.

இந்த வருடம் எறும்பு இல்லை. ராத்திரி முழுக்கக் கேட்டில் தொங்கிய பொட்டலத்தில் வருடா வருடம் ஏறுகிற எறும்பு, இந்த வருடம் மட்டும் ஏன் ஏறவில்லை? பொட்டலம் தொங்கவில்லை. யாரோ கையோடு கொடுத்திருக்கிறார்கள். யாரோ கையோடு வாங்கியிருக்கிறார்கள். கோப்பெங்கில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டவள், மூடிய மூடியை எதற்காகத் திருகினாள்?

"மெதுவாப் போ அல்போன்ஸ்" என்றாள் இந்திராணி.

"ஏன் அக்கா?"

"சும்மா. மெதுவாப் போ."

*

சூய் லான் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இந்திராணி பையனைப் பற்றிக் கேட்கவில்லை.

"இந்த வருஷம் பொட்டலத்த யார் கையில குடுத்தீங்க?"

 பின்கட்டு வாசலில் அந்த இளைஞன் வந்து நின்றான். பதினெட்டு வயது இருக்கும். பெயர் வெய் கீட். சட்டையின் இடது கையில், மாவு படிந்த கறுப்புத் துண்டு. மூக்கு அரசியின் மூக்கு. முதல் தடவை தான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று இந்திராணிக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லிடுங்க ஆ சாம்" என்றான் அவன். "இவங்க ரெண்டாந்தடவ வந்துட்டாங்க. இனிமே போக மாட்டாங்க."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்டா."

"நான் குடுக்கல." அவன் இந்திராணியைப் பார்த்தான். "நான் ஏற்கெனவே போய்க் குடுத்துட்டேன். அந்தத் தமிழ் ஆன்டி வந்து கூட்டிட்டுப் போனாங்க. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்தப்ப."

"என்ன குடுத்த?"

"ரத்தம். சேருதான்னு பாக்க."

அல்போன்ஸ் ஓரடி முன்னால் வந்தான். "சேந்துச்சா?"

வெய் கீட் தலை குனிந்து கையிலிருந்த மாவை உருட்டினான். "சேரல அண்ணே. கொஞ்சங்கூட சேரலன்னுட்டாங்க."

அடுப்பில் ஏதோ வெடித்துத் தணிந்தது. 

"எனக்கு ஊசின்னா பயம்" என்று பையன் பேசிக்கொண்டே போனான். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்தவன்போல. "அந்த ஆன்டி என் கண்ணப் பொத்திக்கிட்டாங்க. முடிவு வந்த அன்னைக்கும் கூட வந்தாங்க. அழல. வெளிய வந்து எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தாங்க. அவங்க சாப்பிடல. நான் சாப்பிடறதப் பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம், உங்க அக்காவப் பாக்கறியான்னு கேட்டாங்க. கண்ணாடி வழியாப் பாத்தேன். பேப்பர் படிச்சு சிரிச்சிட்டிருந்தா. உள்ள போய்ப் பேசலாம்னு நெனச்சேன். ஆனா சேராதவன் போய் என்ன பேசறது?"

"இங்க திரும்பி வந்தப்ப பொட்டலத்த அவங்க கையில குடுத்தேன்" என்றாள் சூய் லான். "அப்பதான் அவங்க என் கால்ல விழுந்தாங்க. மஜ்ஜை கேட்டு வந்தப்ப விழல. சேரலன்னு தெரிஞ்சப்புறம் விழுந்தாங்க. யாரு வந்து கேட்டாலும் எனக்கு வேற பிள்ளையே இல்லன்னு சொல்லச் சொல்லி."

"வேற யாரும்..." என்று ஆரம்பித்த அல்போன்ஸ் நிறுத்திக்கொண்டான்.

"இவன் ஒருத்தன்தான்." அவள் மகனைத் தொடப் போனாள். தொடவில்லை. மாவுத் தட்டைச் சரிசெய்வதுபோலக் கையைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு பெற்றவள். அம்மா என்ற அழைப்பை ஒருமுறைகூடக் கேட்காதவள். வீட்டைக் காப்பாற்ற ஒருத்தியைக் கொடுத்தாள், ஒருவனைக் காப்பாற்றத் தள்ளி நிறுத்தினாள். விதி அப்படியும் வந்து கடையின் முன்னால் நிற்கிறது.   இந்திராணி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். மாவு அவள் ரவிக்கையின் கைவரை ஒட்டியது.

திரும்பும் வழியில் அல்போன்ஸ் ஒரு சாப்பாட்டுக் கடையிலும் வண்டியை நிறுத்தவில்லை.

*

வார்டுக்கு வெளியே, வராந்தாக் குழாயில் தெய்வானை பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் சிமெண்டுத் தரையில் சாய்ந்து கிடந்தது. இந்திராணியின் கையில் இருந்த மாவைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

"பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான்."

"அப்பா செத்த துக்கம் முடியற வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கம் வரக் கூடாதாம். இல்லன்னா வந்திருப்பான். நல்ல பிள்ள." பிளாஸ்க்கின் தண்ணீரை உதறினாள். "எனக்கு எப்பவுமே தெரியும் இன்ஸ்பெக்டரம்மா. கொழந்தைய வாங்கிட்டு வந்த அன்னைக்கே மருத்துவச்சி சொல்லிட்டா. இவகிட்ட சொல்லல. சொன்னா என்ன விட்டுப் போயிடுவாளோன்னு. பள்ளிக்கூடத்துல பசங்க 'அமோய், சீனப் பொண்ணு'ன்னு கேலி பண்ணி அழுதுட்டு வருவா. அப்பவும் சொல்லல. டாக்டர் சொன்ன மறுநாள் ஓடினேன். பஸ்ஸுல போறப்ப என்ன வேண்டினேன் தெரியுமா? அவங்க மஜ்ஜையக் குடுக்கட்டும், பதிலுக்கு இவளையே எடுத்துக்கட்டும். நான் தூர நின்னு பாத்துக்கறேன்னு வேண்டினேன்."

அல்போன்ஸ் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

"சேரலங்கறத இவகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றாள் தெய்வானை. "ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போறேன். உள்ள போனா அவ அந்தப் பேரெல்லாம் படிக்கறா. தோட்டத்துக்காரங்க, மீன் கடைக்காரன். என்னன்னு சொல்றது?"

"காசு போடறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"ஒரு வெள்ளிகூடத் தொடல. எல்லாம் பேப்பர்காரங்ககிட்டயே இருக்கு. திருப்பிடலாம், வேற பிள்ளைக்குக் குடுத்துடலாம். கொஞ்ச நாள் மட்டும் பேர் வரட்டும். அதப் படிக்கத்தான் அவ காலையில கண்ணு முழிக்கறா." அவள் இந்திராணியின் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்களும் தேடிக்கிட்டே இருங்க. கண்டுபிடிக்க வேணாம். வாரத்துக்கு ஒரு தடவ வந்து, கிட்ட வந்துட்டோம்னு சொல்லுங்க. கம்பாரு, தாப்பான்னு ஊர் பேர மாத்திச் சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னா நம்புவா."

எவ்வளவு சுலபமான வேலை என்று இந்திராணிக்குத் தோன்றியது. முடியாத வழக்குகளை வருடக்கணக்கில் திறந்தே வைத்திருந்தவள்தானே அவள். இன்னும் விசாரிக்கிறோம் என்று சொல்லி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு தலையாட்டல் போதும். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஒரு நாள் அது இருக்கும்போதே எல்லாம் முடிந்தும் போகலாம். அதைக் கருணை என்று சொன்னால் யார் மறுப்பார்கள்?

கண்ணாடிக்கு அப்பால் அரசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வார்டு நர்ஸின் மேசையைப் பார்த்தபடி.

"ஏன் அங்க உக்காந்திருக்கா?"

"போனுக்கு" என்றாள் தெய்வானை. "டாக்டர் நேத்து, ரத்தம் கொஞ்சம் தேறியிருக்கு, ஒரு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வான்னாரு. போக மாட்டேங்கறா. நீங்க கூப்பிடறப்ப இங்க இல்லாம போயிட்டா என்ன பண்றதாம்."

இந்திராணி கண்ணாடி வழியாக மறுபடி பார்த்தாள். மருந்து பிடித்து வைத்துத் தருகிற நாட்களையெல்லாம் அந்தப் பெண் ஒரு போனுக்கு முன்னால் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் குரலுக்காக.

"நான் வேணா என் காதுத் தோட்டக் கழட்டித்..." தெய்வானை காதுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

இந்திராணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிடித்தபடியே வைத்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்க தெய்வானை. நான் பக்கத்துல நிக்கறேன். உங்களால முடியலன்னா நான் சொல்றேன், நீங்க அவ கையப் புடிச்சுக்குங்க."

"தேடறேன்னு மட்டும் சொல்லுங்கம்மா. பொய்கூட இல்ல அது."

"இல்லம்மா" என்றாள் இந்திராணி, கையை விடாமல். "அத நான் சொல்ல மாட்டேன்."